சவுக்குக் கிளையா, பிளாஸ்டிக் மரமா? – டீச்சரிடம் கேளுங்கள்

கடைத்தெருவில் முதல் ஸ்டார் தொங்கியதும் எனக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். வருடம் முழுவதும் செம்பருத்தியில் மாவுப்பூச்சி, தென்னையில் சிவப்புக் கூன்வண்டு என்று கேட்கிறவர்கள், திடீரென்று கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்குவார்கள். பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவளுக்கு மரத்தைத் தவிர வேறென்ன தெரியும் என்று நினைக்கிறார்களோ என்னவோ! இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன: மண்ணுக்கும் காற்றுக்கும் கேடில்லாமல் பண்டிகையைக் கொண்டாடுவது எப்படி? ஆகவே இந்த இதழில் மாவுப்பூச்சிக்கு விடுமுறை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஊரை மட்டும் போட்டுப் பெயரை விட்டிருக்கிறேன். ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், அதையும் விடவில்லை.

வாசகி, தூத்துக்குடி: அன்புள்ள டீச்சர், எங்கள் வீட்டில் ஆறடி உயரப் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் இருக்கிறது. பிளாஸ்டிக் கெடுதல், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இயற்கையான மரம் வைக்கலாம் என்கிறாள் மகள். என்ன செய்யட்டும்?

பழைய மரத்தையே பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வழக்கம்போல நிறுத்துங்கள். அது பி.வி.சி. பிளாஸ்டிக்காலும் இரும்புக் கம்பியாலும் ஆனது. அநேகமாகச் சீனாவின் யீவூ நகரத்துச் சந்தையிலிருந்து கப்பலேறி வந்திருக்கும். அதைச் செய்ததிலும் கொண்டுவந்ததிலும் ஆகவேண்டிய கேடு ஏற்கெனவே ஆகிவிட்டது. இப்போது வெளியே வீசினால், கம்பியையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. குப்பைமேட்டில் தீ வைத்துவிட்டால் அந்தப் புகை நஞ்சு.

பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு இதற்கு ஒரு கணக்குப் போட்டிருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரச் செயற்கை மரத்தின் கரியமில வாயுச் சுமை 40 கிலோ. அதே உயர நிஜ மரத்தைப் பண்டிகை முடிந்து குப்பைக்கிடங்கில் புதைத்தால் 16 கிலோ. எரித்தாலோ, துண்டாக்கி மண்ணில் பரப்பினாலோ மூன்றரைக் கிலோதான். அங்கே வைப்பது பண்ணையில் வளர்த்த ஊசியிலை மரம். நம் சவுக்குக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா. ஆனாலும் செயற்கை மரம் வாங்கியவர்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாவது அதை விடாமல் வைத்தால்தான் கணக்கு நேராகும் என்பது நமக்கும் பொருந்தும். எங்கள் வீட்டு மரம் என் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கியது. ஒரு பக்கம் இலை கொட்டிவிட்டது. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கிறோம். இப்போது அவளுடைய பிள்ளைகள் அதில் மணி கட்டுகிறார்கள்.

மரமே இல்லாதவர்கள், புதிதாக வாங்க நினைப்பவர்கள் சவுக்குக்குப் போங்கள். நம் கடற்கரை ஊர்களில் முந்தைய தலைமுறை அதைத்தான் வைத்தது. ஊசி ஊசியாகத் தொங்குவதை இலை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அவை மெல்லிய பச்சைக் கிளைகள். ஒன்றைப் பிடித்துக் கணுவில் மெதுவாக இழுத்துப் பாருங்கள், ரயில் பெட்டியின் கொக்கி கழல்வதுபோல் கழன்று வரும். கழன்ற இடத்தைச் சுற்றிப் பொடிப் பற்களாக நிற்கும் செதில்கள்தாம் இலைகள். வகுப்பில் இதைச் செய்துகாட்டும்போது கடைசி பெஞ்சுக்காரர்கள்கூட எழுந்து வந்துவிடுவார்கள். வேர் முடிச்சில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிரி குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்குப் பிடித்துக் கொடுக்கிறது. வெறும் மணலிலும் சவுக்கு செழிப்பது அதனால்தான்.

விவசாயிகள் சவுக்கை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கம்புக்காகவும் காகிதக் கூழுக்காகவும் வெட்டுகிறார்கள். பக்கக் கிளைகள் அங்கேயே கழிவாகக் கிடக்கும். அதில் நல்ல கிளை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கடலோரத்தில் காற்றுக்கும் அலைக்கும் தடுப்பாக வளர்த்திருக்கும் தோப்பில் மட்டும் கைவைக்காதீர்கள். 2004 சுனாமியில் கடலூர்க் கரையில் மரங்கள் நின்ற இடங்களில் சேதம் குறைந்ததை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வாளியில் ஈரமணல் இட்டுக் கிளையை ஊன்றுங்கள். பண்டிகைக்கு நான்கைந்து நாள் முன்னால் வெட்டினால் போதும். காய்ந்த சவுக்கு சட்டென்று தீப்பிடிக்கும், மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

வாசகர், மார்த்தாண்டம்: காகித ஸ்டார், பிளாஸ்டிக் ஸ்டார், விளக்குகளாலேயே ஆன ஸ்டார் என்று கடையில் பல தினுசு. எதை வாங்கினால் நல்லது?

பரணில் போன வருட ஸ்டார் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே கட்டுங்கள். பிள்ளைகளுக்கு அரைப் பரீட்சை முடிந்திருக்கும், கைக்கு வேலை வேண்டும்.

மூங்கில் பிளாச்சு, அதாவது மெல்லிதாகப் பிளந்த குச்சி, பதினைந்து தேவை. பத்து, இரண்டடி நீளம். ஐந்து, நான்கு அங்குலக் குட்டை. ஐந்து நீளப் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று கட்டுங்கள், அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்குங்கள். பிறகு, நடுவில் பிளாச்சுகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் குட்டைக் குச்சியை உள்ளே கொடுத்து நிமிர்த்தினால் தட்டையாகக் கிடந்தது வயிறு உப்பிக்கொண்டு எழும். அந்த நிமிடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும்! பிளாச்சு கொஞ்சம் பச்சையாக இருக்கட்டும். நன்றாகக் காய்ந்தது வளைக்கும்போது ஒடியும். வண்ணத்தாளை மைதாப் பசையால் ஒட்டுங்கள். பசை காய்ச்சும்போது சிட்டிகை மயில்துத்தம் போட்டால் கரப்பான் அரிக்காது. துத்தம் விஷம் என்பதால் அந்த வேலையைப் பெரியவர்கள் செய்யவேண்டும். பல்பு நுழையப் பின்பக்கம் ஒரு முக்கோணத்தை ஒட்டாமல் விடுங்கள். கண்ணாடித்தாள் என்று விற்பது இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக், அது வேண்டாம். ஸ்டாரை மழைச்சாரல் படாமல் தாழ்வாரத்துக்குள் தொங்கவிடுங்கள்.

இன்னொரு வகை, பல முனைகள் கொண்ட காகித நட்சத்திரம். அது 1830களில் ஜெர்மனியில் மொரேவியச் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய பள்ளியில் வடிவகணிதப் பாடமாகப் பிறந்தது. ஒரு கணக்கு வாத்தியார் பிள்ளைகளை வேலை வாங்கியதில் உலகத்துக்கே ஒரு ஸ்டார் கிடைத்தது. தாவரவியல் ஆசிரியர்களால் அப்படி ஒன்றும் செய்ய முடியவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

காகிதம் தாங்காத மழைப் பகுதிக்காரர்கள் பனையோலை ஸ்டார் வாங்கலாம். தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாட்டுப் பெண்கள் ஓலைப் பின்னலில் பெயர்பெற்றவர்கள். சாரலுக்கெல்லாம் ஓலை அசையாது.

உள்ளே போடும் பல்புதான் மிச்சக் கதை. பழைய 60 வாட் குண்டு பல்பைத் தினமும் ஆறு மணி நேரம், ஒரு மாதம் எரித்தால் ஏறக்குறைய 11 யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி. என்றால் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றே அதிகம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். குண்டு பல்பு காகிதத்தைக் கருக்கும், எல்.இ.டி.யில் அந்தப் பயமும் குறைவு. படுக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். விடிய விடிய எரியவேண்டிய நட்சத்திரம் வானத்தில் தனியாக இருக்கிறது.

வாசகி, கொடைக்கானல்: எங்கள் பங்கு ஆலயத்தில் கிறிஸ்துமஸ் குடில் போட்டி நடக்கிறது. தெர்மாகோலில் மலை செய்து, காட்டிலிருந்து பாசி கொண்டுவந்து ஒட்டுவது வழக்கம். தெர்மாகோல் கூடாது என்று இந்த வருடம் பங்குத்தந்தை சொல்லிவிட்டார். பாசி கொண்டுவரலாமா?

பங்குத்தந்தை சொன்னதை 2022 ஜூலை 1 முதல் சட்டமும் சொல்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடையில் அலங்காரத் தெர்மாகோலின் பெயரும் இருக்கிறது. அறுக்கும்போதே உருண்டை உருண்டையாகச் சிதறிச் சாக்கடைக்குப் போய்விடும் பொருள் அது. பெருக்கி எடுக்க முயன்றவர்களுக்குத்தான் தெரியும், துடைப்பத்தோடு ஒட்டிக்கொண்டு திரும்பி வரும்.

பாசியும் வேண்டாம். நீங்கள் கொடைக்கானல்காரர், சோலைக்காட்டுத் தரையில் பாசி என்ன வேலை செய்கிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஓடைக்குக் கொடுப்பது அது. உரித்தெடுத்த இடம் மறுபடி மூட வருடக்கணக்காகும். தவிர, காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் எதை எடுத்தாலும் குற்றம்.

மலைக்குப் பழைய கோணிச் சாக்கைக் குழைத்த களிமண்ணில் முக்கி, கல்லின்மீதும் கட்டையின்மீதும் போர்த்துங்கள். காயும்போது தானாகவே மடிப்பும் பள்ளமும் விழும், எந்தத் தெர்மாகோலும் அவ்வளவு அசலாக இருக்காது. பச்சைக்கு முளைப்பாரி இருக்கிறதே! நம் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பெண்கள் வளர்ப்பதைத்தான் சொல்கிறேன். கோவாவில் கிறிஸ்தவர்கள் குடிலுக்குக் கேழ்வரகு முளைக்கவைக்கிறார்கள். தெற்குப் பிரான்சில் டிசம்பர் 4, புனித பார்பரா நாளன்று தட்டில் கோதுமை விதைக்கிறார்கள். நீங்களும் கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, அகலத் தட்டில் இரண்டு விரல்கடை மண்ணில் நெருக்கமாகத் தூவி, ஈரத்துணியால் மூடுங்கள். முளை கண்டதும் துணியை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் வையுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் மெதுவாகத்தான் வரும், ஆகவே இரண்டு வாரம் முன்னாலேயே விதைத்துவிடுங்கள். திருவிழா முடிந்ததும் ஆட்டுக்குக் கொடுத்தால் அது நன்றியோடு தின்னும்.

நடுவர்கள் யாராவது முகம் சுளித்தால், 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோலும் தீவனத் தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும்தான் இருந்தன என்று சொல்லுங்கள்.

ஏழாம் வகுப்பு மாணவன், பாளையங்கோட்டை: டீச்சர், மரத்தில் பனி மாதிரி இருக்க ஸ்ப்ரே வாங்கித் தரச் சொன்னேன். அப்பா திட்டினார். பனி இல்லாமல் எப்படி டீச்சர் கிறிஸ்துமஸ்?

தம்பி, அப்பா திட்டியது சரி. அந்த டப்பாவுக்குள் நுரையைத் தள்ளுவதற்குப் பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும் வாயுவை அடைத்திருப்பார்கள். விளக்குப் பக்கத்தில் அடித்தால் ஆபத்து. பாளையங்கோட்டையில் பனி பெய்து நான் பார்த்ததில்லை, நீயும் பார்த்திருக்க மாட்டாய். இயேசு பிறந்த பெத்லகேமிலும் பனி எப்போதாவதுதான் விழும். அட்டையில் பனித்துகள் வரைகிறவர்கள் ஐரோப்பாக்காரர்கள், அவர்கள் தங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்ததை வரைந்தார்கள். நீ உன் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்த்து வரை. டிசம்பரில் அவரை பூத்திருக்கும், வயலில் கொக்கு நிற்கும். மினுமினுப்புத் தூளும் கேட்காதே. அது பொடிசாக நறுக்கிய பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் உதிரியாக விற்பதை 2023 அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டது.

சபைச் செயலர் ஒருவர், நாசரேத் அருகே: எங்கள் ஆலயத்தில் கிறிஸ்துமஸ் அசனத்துக்கு, அதாவது பொது விருந்துக்கு, ஆயிரம் பேர் வருவார்கள். பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட தட்டும் டம்ளரும் மலிவாகக் கிடைக்கின்றன. பாக்குமட்டைத் தட்டு வாங்க நிதி இல்லை. விதவைகளுக்குக் கொடுக்கும் சேலைகளைத் துணிப்பையில் போட ஏற்பாடு செய்திருக்கிறோம். வேறு என்ன செய்யலாம் ஐயா/அம்மா?

அம்மாதான். தட்டு, டம்ளர் விஷயத்தில் யோசிக்கவே இடமில்லை. பிளாஸ்டிக் பூச்சுத் தட்டும் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவை. கடையில் கிடைக்கிறது என்பதற்காகச் சபை வாங்கலாமா?

பாக்குமட்டையும் தேவையில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் உட்கார்ந்துகொண்டு இலைக்குக் கவலைப்படுவானேன்? வாழைத்தோட்டக்காரர் சபையில் நிச்சயம் இருப்பார். இலையைக் காணிக்கையாகக் கேளுங்கள், பணம் கேட்பதைவிட எளிது. தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர். அது பல ஆலயங்களில் திருமண வீட்டாருக்கு வாடகைக்குக் கொடுக்க அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது; சாவி ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையிடம் இருக்கும். கழுவ ஆள் வேண்டுமென்றால் வாலிபர் சங்கம் எதற்கு இருக்கிறது?

துணிப்பை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பாவும் ஊடுமாக நூல் ஓடினால் துணி. புள்ளிப் புள்ளியாக அழுத்தி ஒட்டியதுபோல் இருந்தால் அது நெய்யாத பை, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதுவும் அந்த 2019 தடைப் பட்டியலில் இருக்கிறது. துணி மாதிரி தொட்டால் மெத்தென்று இருப்பதால் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது 2021 டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால். அந்த மஞ்சள் பையிலேயே சேலையைப் போட்டுக் கொடுங்கள், அடுத்த ஆண்டு வரை காய்கறி வாங்க உதவும்.

தட்டைவிடப் பெரிய விஷயம் அண்டாவில் மிஞ்சும் சோறு. 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கை சொல்கிறது. நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் பேர் என்று மனக்கணக்கில் உலை வைக்காமல், முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குடும்பவாரியாகப் பெயர் எழுதி வாங்கிவிடுங்கள். பிள்ளைகள் பந்தியில் முதல் தடவை பாதி அகப்பை, கேட்டால் மறுபடி. சமையற்காரர் வருத்தப்படுவார், பரவாயில்லை. மிஞ்சினால் சூடு ஆறுமுன் யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்.

வாசகி, நாகர்கோவில்: அக்கம்பக்கத்து இந்து, இஸ்லாமிய வீடுகளுக்குப் பலகாரம் அனுப்புவோம். பிளாஸ்டிக் டப்பாவில் அழகாக அடைத்துக் கொடுத்தால்தான் மரியாதை என்கிறாள் என் மருமகள்.

நம் ஊர்க் கேள்வி! என் அம்மா முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அதிரசமும் பனையோலைப் பெட்டியில் வாழையிலை விரித்து அடுக்கி, மேலே ஒரு இலையை மூடித் தெருவெல்லாம் அனுப்புவார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என் வேலை. ஓலைக்கும் வாட்டிய இலைக்கும் சேர்ந்து ஒரு வாசம் வரும், முறுக்கின் எண்ணெயை ஓலை இழுத்துக்கொள்ளும். பெட்டியை யாரும் வெறுமையாகத் திருப்பித் தந்ததில்லை. கொஞ்சம் சீனியோ, வெற்றிலையோ, தோட்டத்து மாங்காயோ அதில் இருக்கும். ரம்ஜானுக்கு அதே பெட்டி எதிர்வீட்டிலிருந்து வேறு பலகாரத்தோடு வரும். பிளாஸ்டிக் டப்பா ஒருவழிப் பயணம். போனதோடு சரி, திரும்பி வர அதற்கு ஒரு காரணமும் இல்லை.

மருமகளிடம் சண்டை போடவேண்டாம். ஓலைப்பெட்டி இன்னும் சந்தையில் கிடைக்கிறது, வாங்கி அவர் கையிலேயே கொடுத்து அலங்கரிக்கச் சொல்லுங்கள். வண்ண ஓலை முடைந்த பெட்டியைப் பார்த்தால் டப்பாவை மறந்துவிடுவார். அவசரத்துக்கு எவர்சில்வர் தூக்கு போதும். தோவாளைப் பூக்கடைக்காரரிடம் தாமரை இலை கேட்டால் தருவார், முறுக்குக்கு அது அருமையான உறை.

கல்லூரி மாணவி, திருச்சி: எங்கள் விடுதியில் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு விளையாட்டு நடக்கிறது. சீட்டில் வந்த தோழிக்குத் தெரியாமல் பரிசுகள் கொடுக்கவேண்டும். 200 ரூபாய்க்குள் பசுமையான பரிசு சொல்லுங்கள்.

இருநூறு ரூபாய்க்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பீங்கான் பொம்மை. ஜனவரியில் அது யார் மேசையிலும் இருக்காது. உடன்குடிக் கருப்பட்டி அரைக் கிலோ வாங்கிக் கொடு. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, ஓலைக் கொட்டானோடு கேள். இல்லையென்றால் அவளுடைய அறுந்த செருப்பை ரகசியமாக எடுத்துப்போய்த் தைத்து வாங்கி வைத்துவிடு. மேலே சுற்றுவதற்கு, முடியப்போகும் மாதக் காலண்டர் தாள் போதும். பைபிள் வசனம் அச்சிட்ட பக்கத்தைக் கிழிக்க மனம் வராது என்றால் வசனம் வெளியே தெரியும்படி சுற்று. கடைத் தாளைக் கையில் கசக்கிப் பார்: சுருண்டபடி இருந்தால் காகிதம், மறுபடி விரிந்துகொண்டால் பிளாஸ்டிக் கலந்தது.

வாசகர், வேலூர்: எல்லோரும் எப்படி வேண்டுமானாலும் கொண்டாடுகிறார்கள். நம் பண்டிகை வந்தால் மட்டும் சுற்றுச்சூழல், அது இது என்று உபதேசம். மற்றவர்களைக் கேட்கும் தைரியம் உங்களுக்கு இருக்கிறதா?

மற்றவர்களையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 நெறிமுறை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையாரை விலக்கியது. தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம்தான் வெடிக்கலாம். இந்த வரிசையில் நாமும் நிற்கிறோம், அவ்வளவுதான்.

வேலூரில் இருப்பவர் நீங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தென்மாவட்டங்களில் பெய்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தாமிரபரணிக் கரை ஊர்களில் பலர் வீட்டுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு மழையை எந்தக் கால்வாயும் தாங்காது என்பது உண்மை. வடியவேண்டிய நேரத்தில் மதகிலும் சாக்கடையிலும் அடைத்துக்கொண்டு நிற்பது என்னவென்று மண்வெட்டி பிடித்தவர்களைக் கேளுங்கள். அந்தக் குப்பையில் எது தீபாவளிக்கு வாங்கியது, எது கிறிஸ்துமஸுக்கு வாங்கியது என்று பிரிக்க முடியாது. நான் என் சபைக்காரர்களிடம் பேசுகிறேன், அது எனக்கு உரிமையுள்ள இடம்.

வாசகர், திருநெல்வேலி: நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வெடி வெடிக்கிறார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் வேனில் ஒலிபெருக்கி கட்டித் தெருத் தெருவாகப் பாடிவரும் கீத பவனி. எங்கள் வீட்டில் முதியவர்களும் நாயும் படும் பாடு சொல்லி முடியாது.

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அளித்த தீர்ப்புப்படி கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் 11.55 முதல் 12.30 வரை மட்டுமே வெடிக்கலாம். அதுவும் பசுமைப் பட்டாசுகள்தான், சரவெடிக்குத் தடை. பசுமை என்ற பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம், புகைத்துகள் சுமார் 30 சதவீதம் குறையும் என்பதுதான் அதன் பொருள். சத்தம் நாய்க்குச் சத்தம்தான்.

ஒலிபெருக்கிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை தடை. பண்டிகைக் காலத்தில் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், ஆனால் ஆண்டுக்கு மொத்தமே பதினைந்து நாட்கள். சட்டத்தைக் காட்டிச் சண்டைக்குப் போகுமுன் பாடகர் குழுத் தலைவரை வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுங்கள். நான்கு குரலில் பழகிய குழுவுக்கு ஒலிபெருக்கி எதற்கு? டோலக்கும் கிட்டாரும் கையில் அரிக்கேன் விளக்குமாக நடந்து வந்தால் டீசல் மிச்சம், பாட்டும் காதில் விழும். வேன்மேல் ஜெனரேட்டர் ஓடும்போது பாட்டு யாருக்குக் கேட்கிறது?

வாசகி, ஸ்கார்பரோ, கனடா: இங்கே நிஜ ஃபிர் மரம் விற்கிறார்கள். மரத்தை வெட்டுவது பாவம் என்று என் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் கண்டிக்கிறார்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அவை காட்டு மரங்கள் அல்ல. பண்ணையில் ஏழெட்டு, பத்து ஆண்டுகள் வளர்த்து வெட்டும் பயிர். உங்கள் நகராட்சி ஜனவரியில் வாசலில் வைத்த மரங்களை எடுத்துத் தூளாக்கி நிலப்போர்வையாகப் பயன்படுத்துகிறது. ஜரிகை, கம்பி, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வையுங்கள். பக்கத்துப் பண்ணை மரமாகப் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது.

வாசகர், மதுரை: நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் விற்றதை மூன்று வருடம் முன்பு வாங்கினேன். இப்போது என் தோளுயரம். ஆலய வளாகத்தில் நட்டுவிடலாமா?

உங்கள் தொட்டியில் இருப்பது அரக்கேரியா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நார்ஃபோக் தீவு, நியூ கலிடோனியாப் பக்கத்து மரம். தொட்டியிலேயே இன்னும் சில ஆண்டுகள் வைத்திருக்கலாம். வேருக்கு இடம் குறைவாக இருப்பதால் வளர்ச்சி அடங்கி நிற்கும், ஒவ்வொரு டிசம்பரிலும் உள்ளே கொண்டுவந்து அலங்கரித்துவிட்டு மறுபடி வெளிச்சத்துக்கு அனுப்பலாம். உச்சிக் குருத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள், வெட்டினால் அந்தக் கோபுர வடிவம் திரும்ப வராது.

தரையில் நட்டால் ஆலயத்தைவிட உயரமாகப் போகும் என்று எதிர்பாருங்கள். சுவரிலிருந்து இருபதடியாவது தள்ளி நடுங்கள், மேலே மின்கம்பி போகும் இடத்தில் கூடவே கூடாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நர்சரிகளில் விற்பதில் குக் பைன் என்ற வகையும் இருக்கிறது. அது உலகில் எங்கே நட்டாலும் பூமத்திய ரேகைப் பக்கமாகச் சாய்கிறது என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. காரணம் இன்னும் பிடிபடவில்லை. மதுரைக்குப் பூமத்திய ரேகை தெற்கே இருக்கிறது. எனவே ஆலயத்துக்குத் தெற்கே நடுங்கள், சாய்ந்தாலும் கட்டடத்தைவிட்டு விலகியே சாயும். குழி வெட்டுமுன் சபைக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.